ஒருவருக்கு மட்டும் போதுமான மருந்து

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊசி போடவும் ட்யூப் வைக்கவும் நான் சொல்லித்தரத் தேவையில்லை. அதையெல்லாம் கல்லூரியில் நன்றாகவே கற்றுக்கொண்டு வந்திருப்பீர்கள். நான் சொல்ல நினைப்பது வேறு. ஒரு முடிவு மருத்துவப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வந்த விதத்தால் ஒரு மனிதர் உடைந்துபோகலாம். இதை நான் இந்த மருத்துவமனையின் மாடி அறையில்தான் கண்டேன். அன்று அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். எங்களில் ஒருவர் இன்று உயிரோடு இல்லை.

அவர் பெயர் ஏகாம்பரம். ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறை வைத்திருந்தார். தம்பி முனிரத்தினமும் அதே பட்டறையில்தான். ஒரே வீடு, ஒரே சமையல். ஏகாம்பரம் நன்றாகப் பேசுவார், சிரிப்பார், நிறைய பீடி பிடிப்பார். ரத்தினம் பேச்சு குறைவு. பீடியைத் தொட்டதில்லை. அண்ணன் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கும் ஆள்.

ஏகாம்பரத்துக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. வலி இல்லாததால் பல வாரம் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி சரோஜாவுக்குத் தெரிந்ததும் அன்றைக்கே ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாரம் ஒருமுறை வேலூரிலிருந்து நமக்கு வரும் சிறுநீரக டாக்டர் பார்த்தார். சிறுநீர்ப்பையில் கட்டி இருந்தது. புற்றுநோய்தான், ஆனால் தசைக்குள் இறங்கவில்லை. சாயம் காரணமா பீடி காரணமா என்று சரோஜா கேட்டபோது, இரண்டும் இருக்கலாம், அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அந்த டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. நோயாளியிடம் உட்கார்ந்து பேசுவதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். அவரிடம் நான் கற்றது அதிகம். இப்போது சொல்லப்போவது அவரைக் குறை சொல்வதற்காக அல்ல. அந்த நாளைப் பற்றி என்னைவிட அவர்தான் அதிகம் வருந்தியிருக்கிறார்.

கட்டியை வேலூரில் சுரண்டி எடுத்தார்கள். அது திரும்ப வராமல் இருக்க, வாரம் ஒருமுறை சிறுநீர்ப்பைக்குள் மருந்து விடும் வேலை இங்கே என் பொறுப்பு. மருந்து என்பது பி.சி.ஜி. பிறந்த குழந்தையின் தோளில் காசநோய்க்குத் தடுப்பாகப் போடுகிறோமே, அதே வலுவிழந்த கிருமி. அதை உள்ளே விட்டால் இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் ஏகாம்பரத்துக்குப் பேச்சுத் துணை நான்தான்.

"டி.பி. கிருமியயா உள்ள உடறீங்க? இது என்னா சிஸ்டர் பேஜாரு. ஒண்ணு போறதுக்கு இன்னொண்ணா?" என்று முதல் நாளே கேட்டார்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நம் உடம்பில் மேக்ரோஃபேஜ் என்று ஒருவகைச் செல்கள் இருக்கின்றன. அழுக்கு, கிருமி, செத்த செல் என்று எது கிடைத்தாலும் விழுங்குபவை. நான் படித்த காலத்தில் அவற்றுக்கு நினைவே கிடையாது என்று சொல்லித்தந்தார்கள். ஒரு கிருமியை அடையாளம் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருப்பது வேறுவகை வெள்ளணுக்களின் வேலை, இவை விழுங்கிவிட்டு மறந்துவிடும் என்பதுதான் பாடம். அது முழு உண்மையில்லை என்று டாக்டர்தான் எனக்கு விளக்கினார். பி.சி.ஜி. போன்ற ஒன்றைச் சந்தித்த மேக்ரோஃபேஜ் பழையபடி இருப்பதில்லை. அதற்குள் மரபணுக்கள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் விதமே மாறிவிடுகிறது. அடுத்த முறை எது வந்தாலும், முன்பு பார்த்திராத எதிரியாக இருந்தாலும், வேகமாக எழுந்துகொள்கிறது. எலும்பு மஜ்ஜையில் இந்தச் செல்களைப் பெற்றெடுக்கும் தாய்ச் செல்களும் மாறுவதால், பிறகு பிறப்பவையும் கொஞ்ச காலம் அதே விழிப்போடு பிறக்கின்றன. பி.சி.ஜி. புற்றுநோயைத் தடுப்பதில் வேறு செல்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் இந்த நினைவும் அதில் ஒரு பங்கு என்கிறார்கள்.

ஏகாம்பரம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அதுங்களுக்குக் காரம் காட்டி எழுப்பி உடறீங்க" என்றார். ஏறக்குறைய அதுதான் என்றேன்.

இந்த நினைவு எப்போதும் நல்லது செய்யும் என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தக் குழாயின் சுவரில் கொழுப்பு படிந்த இடத்தில் விழித்துக்கொண்ட மேக்ரோஃபேஜ், அந்தப் புண்ணை ஆறவிடாமல் மாரடைப்பு வரைக்கும் கொண்டுபோகலாம். மூட்டில் விழித்துக்கொண்டால் மூட்டு வீங்கும். புற்றுநோய்க் கட்டிக்குப் பக்கத்திலேயே வெகுநாள் இருந்துவிட்டால், கட்டி அவற்றுக்கு வேறு பாடம் சொல்லிக் கொடுத்து, தனக்கு ரத்தம் வரவழைக்கும் வேலையை வாங்கிக்கொள்ளும். எதைக் கற்றது, எவ்வளவு காலத்துக்கு என்பதுதான் விஷயம். அந்த இரண்டாவது கேள்விக்கு இன்றைக்கும் ஒருவருக்கும் திட்டமான பதில் தெரியாது. சில மாதம் என்கிறார்கள், ஒரு வருடம் வரைக்கும் என்கிறார்கள். ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் முதல் சுற்று முடிந்த பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி மருந்து விட்டு அவற்றை எழுப்புகிறோம்.

மூன்றாவது வாரம் மருந்து விட்ட அன்று மாலையில் ஏகாம்பரத்துக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. சரோஜா ஃபோனில், "கட்டில் ஆடுது சிஸ்டர், நீங்க போட்ட கிருமிதான் ஒடம்பு பூரா பரவிகினு கீதா?" என்று கேட்டார். அந்த மாதிரி நேரத்தில் பதறாமல் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அன்றே வந்து அடுத்த நாளே இறங்கும் காய்ச்சல் உடம்பு விழித்துக்கொண்டதன் அடையாளம். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் அது கிருமி ரத்தத்தில் கலந்ததன் அடையாளம், உயிருக்கே ஆபத்து. எது என்று ஃபோனில் தெரியாது. நேரில் வரச் சொன்னேன், படுக்கவைத்துக் கவனித்தோம். மறுநாள் காலையில் ஏகாம்பரம் இட்லி கேட்டார். அதோடு அந்தப் பயம் தீர்ந்தது.

முதல் சுற்று முடிந்து உள்ளே குழாய் விட்டுப் பார்த்தபோது பை சுத்தமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீயும் ஒரு தபா காட்டிடு ரத்தினம். ஒரே தொட்டியில கை வச்சவங்கதான நம்ப."

ரத்தினத்துக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அண்ணன் சொன்னாரே என்று வந்தார். சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் இருந்தது. குழாய் விட்டுப் பார்த்தால் கட்டி இல்லை, ஆனால் பையின் உள்தோலில் வெல்வெட் துணிபோலச் சிவந்த திட்டுகள். பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் முகம் மாறியது. அண்ணனுக்கு வந்ததைவிட இது முரட்டு வகை. சும்மா விட்டால் உள்ளே இறங்கிவிடும்.

ஏகாம்பரம் அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். "டென்த் முடிச்சுட்டு செய்யார் கம்பெனிக்குப் போறேன்னான் சிஸ்டர். நான்தான் எதுக்குடா கம்பெனி பஸ்ஸுல தொங்கிகினுன்னு சொல்லி பட்டறைல உக்கார வச்சேன்."

ரத்தினத்துக்கு முதல் சுற்று ஆரம்பிக்க வேண்டும். ஏகாம்பரத்துக்கு நினைவூட்டும் சுற்று நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மருந்து வருவது நின்றுவிட்டது. நமக்கு மட்டும் இல்லை, எங்கேயுமே கிடைக்கவில்லை. வேலூர், சென்னை, பெங்களூர் என்று எல்லா இடத்திலும் விசாரித்தோம். கடைசியில் டாக்டருக்குத் தெரிந்தவர் மூலமாகக் கொஞ்சம் குப்பிகள் கிடைத்தன. ஒருவருக்குச் சரியாகப் போதும்.

யாருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்பதில் மருத்துவத்தில் குழப்பம் இல்லை. முதல் சுற்றுக்கு இருப்பவருக்குத்தான், அதிலும் முரட்டு வகைக்காரருக்கு. டாக்டருக்கு இது தெரியும். குப்பிகள் வந்த அன்று காலையில் என்னிடமே சொன்னார், "தம்பிக்குத்தான் சிஸ்டர். வேற வழியில்லை." ஒரு குப்பியை இருவருக்கும் பங்கிடலாமா என்றும் யோசித்தார். இப்போது தட்டுப்பாட்டுக் காலத்தில் அப்படிக் குறைத்துக் கொடுப்பது வழக்கத்தில் இருக்கிறது. அன்று எங்களுக்கு முன்னால் அப்படிச் செய்து பார்த்தவர்களை எங்களுக்குத் தெரியாது. முரட்டு வகைக்கு அரை மருந்து கொடுத்து, அது கேட்காமல் போனால் என்ன செய்வது என்று பயந்தார். கைவிட்டார்.

ஆனால் அண்ணனும் தம்பியும் வந்து எதிரில் உட்கார்ந்ததும் அவரால் அதை நேராகச் சொல்ல முடியவில்லை. இருவர் முகத்தையும் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மருந்து ஒருத்தருக்குத்தான் இருக்கு. யாருக்கு அவசரம்னு எனக்கு ஒரு கருத்து இருக்கு. ஆனா நீங்க ஒரே குடும்பம். உங்களைக் கேக்காம நான் முடிவு பண்றது நியாயமில்ல. நீங்க ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க."

"இதுல என்னா சார் பேசறது. அவனுக்குப் போடுங்க" என்றார் ஏகாம்பரம்.

ரத்தினம் தலையை நிமிர்த்தவில்லை. "அண்ணனுக்கே போடுங்க சார். அவரு பாதி தாண்டி வந்துட்டாரு. எனக்கு வலி எதுவும் இல்ல. நான் இருந்துகினு போறேன்."

"நீ சும்மா இருடா." ஏகாம்பரம் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், அந்த செல்லுங்க ஒரு தபா கத்துகினா மறக்காதுன்னீங்க இல்ல?"

"மறக்காதுன்னு சொல்லலைங்க. கொஞ்ச காலம் நினைவுல வச்சிருக்கும்னு சொன்னேன். எவ்ளோ காலம்னு யாருக்கும் தெரியாதுங்க."

"கொஞ்ச காலம் போதும். அதுக்குள்ள மருந்து வந்துடும். வராதா சார்?"

"வரலாம்" என்றார் டாக்டர். "அதுவரைக்கும் உங்களுக்கு வேற மருந்து உள்ள விடறேன். அது நேரா கேன்சர் செல்லைக் கொல்ற மருந்து. இந்த மாதிரி எதையும் எழுப்பி விடாது. ஆனா ஒண்ணுமில்லாததுக்கு அது மேல்."

"அப்ப ஆச்சு. ஜல்தியா அவனுக்கு ஆரம்பிங்க."

அங்கேயே முடிந்திருக்கலாம். டாக்டர் ரத்தினத்தைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். ரத்தினம் சாயம் ஏறிய தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தெருவில் விசைத்தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, "சரி சார்" என்றார்.

அந்த இரண்டு வார்த்தையை அவர் வாயால் சொல்லவைத்தோம். நானும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஒவ்வொரு வாரமும் தம்பியோடு அண்ணனும் வருவார். தம்பி படுத்திருக்கும்போது பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டறை விஷயம், பெரணமல்லூர் உறவுக்காரர் விஷயம் என்று எதையாவது பேசிச் சிரிக்கவைப்பார். ரத்தினத்தின் பையில் இருந்த சிவந்த திட்டுகள் மறைந்தன. குழாய் விட்டுப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னபோது, அண்ணன்தான் தம்பியைவிட அதிகம் மகிழ்ந்தார்.

மருந்து வரவில்லை. அடுத்த மாதம் வரும், அதற்கடுத்த மாதம் வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். ஏகாம்பரத்துக்கு அடுத்த முறை பார்த்தபோது பழைய இடத்துக்குப் பக்கத்தில் புதுக் கட்டி இருந்தது. இந்தத் தடவை அது தசைக்குள் இறங்கியிருந்தது.

பையையே எடுத்துவிட்டார்கள். வயிற்றில் ஒட்டிய உறையில் சிறுநீர் சேரும்படி வைத்து அனுப்பினார்கள். அதை மாற்றிக்கொள்ள இங்கே வரும்போதும் ஏகாம்பரம் சிரித்துப் பேசுவார். தன் உடம்பைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஒரே ஒருமுறை சரோஜா வெளியே போயிருந்தபோது சொன்னார்.

"அவன் மூஞ்சியப் பாக்க முடியல சிஸ்டர். குத்தம் பண்ணவன் மாதிரி நிக்கறான். சாப்பாட்டுக்குக்கூட எதிர்ல உக்கார மாட்டேன்றான். நான் என்னா சொன்னாலும் அவனுக்கு ஏற மாட்டேங்குது."

அடுத்த வெயில் காலத்தில் நுரையீரலுக்குப் பரவி இறந்துபோனார்.

அந்த மருந்தை அவருக்குக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னைக் கேட்காதீர்கள். டாக்டரிடம் நான் கேட்டேன். "கொடுத்திருந்தாலும் வந்திருக்கலாம் சிஸ்டர். அந்தச் செல்லுங்க மறந்துபோச்சா, இல்ல கட்டி அதுங்களைத் தன் பக்கம் இழுத்துக்கிச்சா, இல்ல வேற எதாவதா, நமக்கு எப்படித் தெரியும்?" என்றார். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையால் ரத்தினத்துக்கு ஒரு பயனும் இல்லை.

அதற்குப் பிறகு மருந்து தாராளமாக வர ஆரம்பித்தது. ரத்தினத்துக்கு நினைவூட்டும் சுற்று போட வேண்டும். ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. நானே பட்டறைக்குப் போனேன். தொட்டியிலிருந்து நூல் கற்றைகளைக் கோலில் தூக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்தார், நாற்காலி எடுத்துப் போட்டார், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"எனக்கு வேணாம் சிஸ்டர். வேற யாருக்காவது போடுங்க."

"இப்ப நிறைய இருக்கு ரத்தினம். யாருக்கும் குறையாது."

"இருக்கட்டும். எனக்கு வேணாம்."

"விட்டா திரும்ப வந்துடுங்க. உங்களோடது முரட்டு வகை."

"வந்தா வரட்டும்" என்று தொட்டிப் பக்கம் திரும்பிவிட்டார்.

உள்ளே நூல் எடைபோட்டுக்கொண்டிருந்த சரோஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. வெளியே வந்தார். இறந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து ரத்தினத்தின் தோள்மேல் போட்டார்.

"சேத்துப்பட்டு ஆர்டர் தலைக்கு மேல கீது. நான் ஒருத்தியே இந்தப் பட்டறைய இழுத்துகினு இருக்க முடியாது. சட்டைய மாட்டு, சிஸ்டர் கூடக் கெளம்பு."

ரத்தினம் அண்ணியைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டார்.

அன்று மருந்தை உள்ளே விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே பேசினார்.

"அந்தக் கேள்விய எங்களக் கேட்டு இருக்கக் கூடாது சிஸ்டர்."

என் பக்கம் திரும்பினார்.

"சாரே முடிவு பண்ணி, தம்பிக்குத்தான்னு சொல்லி இருந்தா, நான் சாரத் திட்டிகினாவது இருந்திருப்பேன். இப்ப யாரத் திட்டறது? நான்தான சரின்னு சொன்னேன்."

டாக்டர் அடுத்த முறை வந்தபோது இதை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அவங்களை மதிக்கறதா நினைச்சேன் சிஸ்டர். என்னால தூக்க முடியாததை அந்த ஆள் தலைமேல எறக்கி வச்சுட்டேன்" என்றார்.

உங்களுக்கும் ஒருநாள் ஏதாவது ஒன்று குறைவாக இருக்கும். படுக்கையோ, ஆக்சிஜனோ, ரத்தமோ, மருந்தோ. நோயாளியின் விருப்பத்தைக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவருடைய உடம்பைப் பற்றி அவரைக் கேளுங்கள். இன்னொருவருடைய உயிரைப் பற்றி அவரைக் கேட்காதீர்கள். அப்படிப்பட்ட முடிவு மருத்துவருடையது, அவர் தயங்கினால் பக்கத்தில் நிற்கும் நாம் அவரை வெளியே கூப்பிட்டு, "நீங்களே சொல்லிடுங்க சார்" என்று சொல்லலாம். அதற்கு நமக்கு உரிமை உண்டு. திட்டு விழும், சாபம்கூட விழும். வாங்கிக்கொள்ளலாம். அவர்கள் நம்மைத் திட்டிவிட்டு வீட்டில் ஒருவருக்கொருவர் முகம் பார்த்துச் சாப்பிட்டால் போதும்.

ரத்தினம் இன்றுவரை வருகிறார். பை சுத்தமாக இருக்கிறது. அவருக்குக் குழாய் விட்டுப் பார்க்கும் நாளில் மட்டும் நம் டாக்டர் வருவதில்லை. வேறொரு டாக்டரை அனுப்பிவிட்டு விடுப்பு எடுத்துக்கொள்வார். தன்னைப் பார்த்தால் அந்த மனிதருக்கு வலிக்கும் என்று நினைக்கிறார்.

ஆனால் ரத்தினம் ஒவ்வொரு முறையும் கவுண்டரில் நின்று, "பெரிய சார் வரலியா?" என்று கேட்பார். நான் "லீவுங்க" என்பேன். தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். நான் ஓய்வு பெறும் இந்த மாதத்திலும் வந்து கேட்டார். திட்டுவதற்குக் கேட்கிறாரா, ஒருமுறை பார்ப்பதற்குக் கேட்கிறாரா என்று எனக்குத் தெரியாது. எதற்கு என்று கேட்கும் தைரியம் எனக்கு வந்ததே இல்லை.

இனி அந்தக் கவுண்டரில் இருக்கப்போவது நீங்கள். அவர் வந்து கேட்டால், லீவு என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும் அதை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.